சாவிக்கொத்தில் தொங்கிய கைடு

அந்த வீட்டுச் சாவிக்கொத்தில் இரண்டு சாவிகளும் ஓர் இரும்புத் துண்டும் தொங்கும். துண்டு என்றால் சுண்டுவிரல் நீளம், அதைவிடக் கொஞ்சம் பருமன், நடுவில் ஒரு துளை. அந்தத் துளை ஒரு முனையில் நட்டநடுவில் தொடங்கி மறுமுனையில் ஓரமாக வெளியே வரும், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் நடந்த வழி மாதிரி. ஒரு பழைய கார் இன்ஜினுக்காகச் செய்த வால்வு கைடு அது. செய்தவன் அந்த வீட்டு மகன். கோணலாகத் துளைத்துக் கெடுத்தவனும் அவனே. அதைக் குப்பையில் போடாமல் சாவியில் கோத்துவிட்டவர் அவனைப் பெற்றவர்.

"வீட்டைப் பூட்டும்போதெல்லாம் உன் திறமையை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்க," என்று சொல்லிக் கொடுத்தார். அப்போது மகனுக்கு மீசை அரும்பிக்கொண்டிருந்தது, லேத் வேலை படிக்கிற மாணவன். மறு வாரமே படிப்பை விட்டான். இப்போது தரைக்கற்கள் விற்கும் கடையில் விற்பனையாளன், காதோரம் நரைத்தாயிற்று. கைடு மட்டும் துருப்பிடிக்கவில்லை. தினமும் கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று ஆகிவிட்டது.

பெற்றவரை ஊரே டிரைவர் என்றுதான் சொல்லும். ஒரு ஆலை முதலாளிக்குக் கார் ஓட்டியே ஆயுசைக் கழித்தவர். முதலாளி போய்ச் சேர்ந்ததும் அவருடைய பிள்ளைகள் ஓடாமல் கிடந்த அந்தக் காரை, பழைய செருப்பைக் கொடுக்கிற மாதிரி இவரிடம் தள்ளிவிட்டார்கள். அதை ஓட வைத்து, அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். டிரைவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். மகன் நன்றாக இருக்க வேண்டும் என்பதுகூட அந்த ஆசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்ததில்லை. மனைவி இருந்தவரை இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஏதோ சமாளித்தாள். அவளும் போன பிறகு வீட்டில் மிஞ்சியது அவர் நாக்குதான்.

கார் ஷெட்டில் நின்றது. இன்ஜினைக் கழற்றி, அதன் அடிக்கட்டையான பிளாக்கை மேஜைமேல் ஏற்றி வைத்திருந்தார். குறை எதுவென்று அவருக்குத் தெரியும். இன்ஜினுக்குள் வால்வுகள் ஏறி இறங்க வழிகாட்டும் குழாய்தான் கைடு. மொத்தம் எட்டு. எட்டும் தேய்ந்துபோயின. அந்தக் காரைச் செய்த கம்பெனியே மூடிப்போய்விட்டதால் கடையில் கிடைக்காது, செய்துதான் ஆக வேண்டும். கைடை பிளாக்கில் உள்ள துளையில் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். துளையைவிட அது ஒரு மயிரிழை பெரிதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். சிறிதாகப் போனால் நிற்காது. மயிரிழைக்கு மேல் பெரிதாகப் போனால் அந்தக் கிழட்டு வார்ப்பிரும்பு தாங்காது, பிளந்துவிடும். வித்தை எல்லாம் அந்த மயிரிழைக்குள்தான்.

மகன் கைவிட்டதை மருமகள் கையில் எடுத்தாள். எடுக்க வைத்தவர் டிரைவர். அவள் தைக்கும் மில்லில் வேலை பார்த்தவள், மில் மூடிய பிறகு வீட்டில் இருந்தாள். ஒரு நாள் பழுதான தையல் மெஷினைப் பிரித்துப்போட்டு, உடைந்த திருகுக்குப் பதிலாகக் கம்பியை அரத்தால் ராவி ஒரு திருகு செய்து மாட்டினாள். டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று சாப்பிடும்போது மகனிடம் சொன்னார்.

"இந்த வீட்ல வேலை தெரிஞ்ச கை ஒன்னு இருக்குடா. எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. என்ன, அது உங்கிட்ட இல்ல."

மகன் சிரித்தான். அவன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவன்.

அப்படித்தான் முப்பது தாண்டிய அவள், மகன் பாதியில் விட்ட அதே பாலிடெக்னிக்கில், அதே லேத் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். சின்னப் பிள்ளைகள் எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். அவளைவிட மூத்தவர் வகுப்பில் ஒருவர்தான். பஸ் கண்டக்டராக இருந்து வேலை போனவர். அவர் பெயரும் கண்டக்டர் என்றே ஆகிவிட்டது, அவரும் அவளை அக்கா என்றே கேலியாகக் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே லேத்.

அவளுக்கு அந்த லேத்தைப் பிடித்துப்போயிற்று. புருஷனைப் பிடித்ததைவிட அதிகமாகப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். சுற்றும் இரும்பில் டூல் பட்டுச் சுருள் சுருளாக வருவதும், மைக்ரோமீட்டரின் இரண்டு முனைகள் நடுவே துண்டை வைத்துத் திருகும்போது அளவு வந்து நிற்பதும் அவளுக்கு ஒரு நிம்மதி. துணியை எவ்வளவு சரியாக வெட்டினாலும் போட்டுக்கொள்கிறவள் குண்டாகிவிடுவாள். இரும்பு அப்படி இல்லை. சொன்ன அளவில் நிற்கும். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை அந்த வகுப்பில் பாயிண்ட் என்பார்கள். அக்கா ஒரு பாயிண்ட்கூடத் தவற விட மாட்டாள் என்று பேர் வாங்கினாள்.

அந்தப் பேர் பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு பட்டறைக்காரர் காதுக்கும் போயிற்று. பாலிடெக்னிக்குக்கு வந்தவர் அவள் செய்த துண்டுகளைத் தடவிப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர்.

"உன் மாமனார் வண்டிக்கு நீ கைடு செய்யறேன்னு சொன்னாங்க. எட்டும் செஞ்சு முடிச்சதும் கூப்பிடு. அடிச்சு இறக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும். சரியா உக்காந்துச்சுன்னா மறுநாள்லேர்ந்து என் பட்டறைல ஒரு லேத் உன்னோடது. ஆனா ஒரு தடவைதான் வருவேன்."

அவள் அந்த லேத்தை நினைத்தபடி தூங்கினாள், நினைத்தபடி எழுந்தாள். தன் வாழ்க்கையில் யாருக்கும் கணக்குச் சொல்லாமல் தனக்கென்று வேண்டியது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டறைக்காரரைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று முதல் எட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். டப்பா ராத்திரி சமையலறை அலமாரியில் இருந்தது. காலையில் ஷெட்டில் டிரைவர் நடுங்கும் கையால் பித்தளைக் கம்பியைக் கைடின் தலையில் நிறுத்திப் பிடிக்க, மகன் சுத்தியலை ஓங்க, கைடு ஓங்கிய சுத்தியலுக்குக் காத்திருக்கவில்லை. துளைக்குள் தானாக வழுக்கி இறங்கி அந்தப் பக்கம் தரையில் விழுந்து உருண்டது.

டிரைவர் எட்டையும் அள்ளி ஷெட் கூரைக்கு மேலே வீசினார்.

சூட்டோடு அளந்திருப்பேன் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். லேத்திலிருந்து எடுத்த சூட்டில் இரும்பு கொஞ்சம் உப்பியிருக்கும், ஆறியதும் சுருங்கும். படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அடுத்த எட்டையும் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு அளந்தாள். அதுவும் வழுக்கி விழுந்தது. இந்தத் தடவை டிரைவர் வீசுவதற்குள் பொறுக்கிக்கொண்டு போய் வகுப்பில் அளந்தாள். எட்டும் ஆறு ஆறு பாயிண்ட் குறைவு. முந்தின நாள் அதே மைக்ரோமீட்டர் சரியென்று காட்டியிருந்தது. மைக்ரோமீட்டரைச் சோதித்தாள், அதில் கோளாறு இல்லை. அப்படியென்றால் கோளாறு பார்த்த கண்ணில்தான்.

கணவன்தான் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தான். கண்ணில் பெரிதாக ஒன்றுமில்லை, வேண்டுமானால் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள் என்று டாக்டர் சொல்ல, கடையில் அவனே ஃப்ரேம் பார்த்து எடுத்தான். நிலைக்கண்ணாடியில் அவளைக் காட்டி, "டீச்சர் மாதிரி இருக்கே," என்றான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒருவன் பக்கத்தில் இருக்கிறானே என்று வந்த அழுகை அது.

மூன்றாவது எட்டைச் செய்தபோது தன் கண்ணை நம்பாமல் கண்டக்டரையும் அளக்கச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே அளவு, சரியான அளவு. வீட்டுக்குக் கொண்டுவந்து, துளைக்குள் எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்ப்பதற்காக எட்டின் மேலும் புளூ தடவினாள். அது ஒரு நீலப் பசை. உரசும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அடையாளம் காட்டும். ஆனால் சொந்தக்காரர் மாதிரி, ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் கிளம்பாது. நகக்கண்ணில் ஏறினால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மெல்லிசாகத்தான் தடவினாள், விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் பூசிய மாதிரிதான் தெரிந்தது.

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது கணவன் வழக்கம்போல டீ போட்டுக் கொண்டுவந்தான்.

"சூடா இருக்கு, பாத்துக் குடி," என்று வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளைக் கப்பின் பிடியில் நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் டப்பாவைத் திறந்தாள். எட்டும் சுத்தமாக இருந்தன. ஒரு பொட்டு நீலம் இல்லை. ஆணியில் மாட்டியிருந்த அவனுடைய கடைப் பையைத் துழாவினாள். உள்ளறையில் நாலாக மடித்த, இரும்பு தேய்க்கும் எமரி பேப்பர், தேய்த்துத் தேய்த்துக் கருத்துப்போனது.

ஏன் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சாவிக்கொத்து கண்ணெதிரில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கொடுத்த அந்த இரும்பை இத்தனை காலம் சட்டைப்பையில் சுமந்தவன், அதையே தன் பெண்டாட்டி சரியாகச் செய்து அப்பா கையில் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எப்படி நடமாடுவான். பாவம் என்று நினைத்தாள். டீ ஆறும்வரைக்கும் நினைத்தாள். அதற்குப் பிறகு கண் டாக்டர் ஞாபகம் வந்தது. அவன் மடியில் இருந்த தன் பை ஞாபகம் வந்தது. தேவையில்லாத கண்ணாடி மூக்கின் மேல் உறுத்தியது. பாவம் என்பது அதோடு போயிற்று.

அன்று ஷெட்டில் கைடு மறுபடி வழுக்கி விழுந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

"என் மகன் கை உனக்கும் ஒட்டிக்கிச்சும்மா," என்றார் டிரைவர். "ஒரே கட்டில்ல படுத்தா ஒட்டத்தானே செய்யும்."

"விடுங்கப்பா. அவளும் முடிஞ்சதைத்தானே செய்யறா," என்றான் கணவன். எவ்வளவு கனிவான குரல்.

அந்த எட்டையும் வகுப்பில் அளந்தபோது அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆறு, ஆறு, ஆறு, ஐந்தரை, ஆறு. ஒரு துளையை நேராகப் போடத் தெரியாத கை, கெடுப்பதில் எவ்வளவு சீராக இருந்திருக்கிறது. அளவு பார்க்காமல், விரலால் திருப்பித் திருப்பித் தேய்த்தே எட்டிலும் அதே ஆறு பாயிண்ட். இவ்வளவு நேர்த்தி இருந்த மனுஷன் நல்ல வேலைக்காரனாகவே வந்திருப்பான்.

அங்கேதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வேறொருத்தியாக இருந்தால் புதிதாக எட்டைச் செய்து வகுப்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் எடுத்து வந்திருப்பாள். காரியம் முடிந்திருக்கும். அவளுக்கு அது போதவில்லை. அவன் கையாலேயே முடிய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆறு பாயிண்ட் அதிகமாக வைத்துச் செய்வது. அவன் வழக்கம்போலத் தேய்ப்பான், அவன் தேய்ப்பதால்தான் அது சரியான அளவுக்கு வரும். பட்டறைக்காரர் முன்னால் எட்டும் கச்சிதமாக உட்காரும். அன்று ராத்திரி கட்டிலில் திரும்பிப் படுத்து, "பினிஷிங் நல்லா பண்ணியிருந்தீங்க, ரொம்ப தேங்க்ஸ்," என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை பஸ்ஸில் போகும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். புகழ்ந்தே ஒருவனைக் கொல்லலாம் என்பதை அந்த வீட்டில்தானே கற்றுக்கொண்டாள்.

கண்டக்டர் அளந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னக்கா, எல்லாம் ஆறு பாயிண்ட் கூட நிக்குது. இன்னொரு கட் எடுக்கலையா?"

"வேண்டாம். மிச்சத்தை வீட்ல எடுத்துக்குவேன்."

"வீட்ல லேத் வெச்சிருக்கீங்களா?"

"ஆள் வெச்சிருக்கேன்."

அவர் புரியாமல் சிரித்தார். பிறகு தன் சொந்த மைக்ரோமீட்டரை அதன் பெட்டியோடு எடுத்து நீட்டினார். "பட்டறைக்காரர் வராருன்னு சொன்னீங்க. இறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்துக்குங்க. இது அதிகமா இருந்து அடிச்சீங்கன்னா பிளாக் போயிடும்."

"எனக்குத் தெரியாதாண்ணே," என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயந்தரம் புளூ தடவி டப்பாவில் வைத்தாள். கணவன் பார்க்கும்படியாகத்தான் வைத்தாள். சாப்பிடும்போது அவனுக்கு நன்றாக உறைக்கட்டும் என்று சொன்னாள்.

"நாளைக்குப் பட்டறைக்காரர் வராருங்க. ஒரே தடவைதான் வருவேன்னு சொல்லியிருக்காரு. இதுலயும் தப்பாப் போனா அவ்வளவுதான். நான் அடுப்பங்கரையோட கெடக்க வேண்டியதுதான்."

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அவ்வளவு ஆசையா அந்த வேலை மேல?"

"ஆமா. இந்த வீட்ல என்னங்க இருக்கு?"

அவன் தட்டில் மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்தான். பிறகு, "வேலைக்குப் போயிட்டா காலைல உனக்கு யாரு டீ போட்டுத் தருவா?" என்றான்.

"நீங்கதான்," என்றாள் அவள். அவனும் சிரித்தான், அவளும் சிரித்தாள். நல்ல தம்பதி என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள்.

காலையில் டீ வந்தது. கப்பின் பிடியில் நீலம். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. டப்பாவைத் திறந்து பார்த்தாள். எட்டும் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசையாக இருந்தன. ஆணியில் அவள் பை தொங்கியது, அதற்குள் கண்டக்டரின் மைக்ரோமீட்டர் இருந்தது. அவள் பையைப் பார்த்தாள். அளப்பதற்கு என்ன இருக்கிறது, அதுதான் விரல் ரேகை இருக்கிறதே என்று நினைத்தாள். இரும்பை நம்பாமல் இருக்கலாம். அவனுடைய கெட்ட புத்தியை நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணமே இல்லை. நிதானமாக உட்கார்ந்து டீயைக் குடித்தாள்.

பட்டறைக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். டிரைவர் அந்தக் காலத்து வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டிருந்தார். தோள் சுருங்கிவிட்டதால் சட்டை தொளதொளவென்று நின்றது. பிளாக்கைத் துடைத்து வைத்திருந்தார். அவள் ஒரு கைடை எடுத்துத் துளையின் வாயில் நிறுத்தினாள். தானாக வழுக்கவில்லை. டிரைவரின் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். இத்தனை நாளில் அவர் முகம் அப்படி ஆகி அவள் பார்த்ததில்லை.

"அடிடா," என்றார் மகனிடம், பித்தளைக் கம்பியைக் கைடின் தலையில் நிறுத்தி.

மகன் அடித்தான். கைடு கொஞ்சம் இறங்கியது. மறுபடி அடித்தான். இன்னும் கொஞ்சம்தான். மூன்றாவது அடியில் அது அசையவே இல்லை. சுத்தியல் கல்லில் பட்ட மாதிரி சத்தம் வந்தது.

இது சரியான அளவில் உள்ள கைடு போடும் சத்தம் இல்லை. சரியானது அடிக்கு அடி இறங்கிக்கொண்டே போகும். அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் நெற்றியெல்லாம் வியர்த்து, பயந்தவன் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இது நல்லபடியாக இறங்க வேண்டுமே என்று பயப்படுகிறவன் முகம் அது. அவன் தேய்க்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "இறுக்கம் ஜாஸ்தியா தெரியுதே. அளவு சரிதானேம்மா?"

நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிற்காது. ஏன் என்று கேட்பார்கள். தெரிந்தே தப்பாகச் செய்து கொண்டுவந்தேன் என்று சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் வந்த வழியே போய்விடுவார். ஒருவேளை இறங்கிவிடலாம், இன்னும் ஒரே ஒரு அடி தாங்கிவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

"சரிதாங்க," என்றாள்.

"என்னடா தட்டிக்கிட்டிருக்கே, சோறு தின்னியா இல்லையா. ஓங்கி அடி," என்றார் டிரைவர்.

மகன் ஓங்கி அடித்தான்.

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. நகம் வெட்டுகிற சத்தம்தான். துளையின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பி, அடுத்த வால்வின் இடத்தைத் தாண்டி, பிளாக்கின் பக்கவாட்டில் இறங்கி நின்றது. துணியால் துடைத்த இடத்தில் அந்தக் கோட்டின் வழியாக எண்ணெய் கசிந்து வந்தது.

டிரைவர் கம்பியைக் கீழே போடவில்லை. அதாலேயே மகனின் தோளில் அடித்தார். ஒன்று, இன்னொன்று. நரை விழுந்த மகன் கையைக்கூடத் தூக்காமல் நின்றான்.

"உன் கை பட்டா எதுடா உருப்படும். உன்னைப் பெத்ததுக்கு அன்னிக்கே..."

"நிறுத்துங்க," என்றார் பட்டறைக்காரர். டப்பாவிலிருந்து இன்னொரு கைடை எடுத்துத் தன் மைக்ரோமீட்டரில் வைத்தார். பிறகு இன்னொன்றை. எட்டில் மிச்சம் ஏழையும் அளந்தார். டிரைவர் கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"அடிச்சவர் மேல தப்பில்ல," என்றார். "துளையைவிட மூணு பாயிண்ட் பெருசா இருந்தா போதும். இது ஒன்பது இருக்கு. எல்லாமே அப்படித்தான் இருக்கு. யாரு அளந்தது?"

"நான்தான்," என்றாள் அவள்.

"கண்ணாடி போட்டுக்கிட்டா?"

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மைக்ரோமீட்டரைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரைவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். தெருமுனையில் அவர் வண்டி திரும்பும் சத்தம்வரை மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அந்த பிளாக்குக்கு மாற்று உலகத்தில் எங்கேயாவது இருக்கலாம். டிரைவரின் ஆயுசுக்குள் கிடைக்கப்போவதில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்தார். விரலை அதன்மேல் வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தார். எண்ணெயை முகர்ந்து பார்த்தார். வெயில் ஷெட்டுக்குள் வந்து மறுபடி வெளியே போகும்வரை அப்படியே இருந்தார்.

பிறகு, "சாவி," என்று கையை நீட்டினார்.

மகன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அந்தக் கோணல் கைடை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தார். விரல் நடுங்கியதில் முடியவில்லை. "கழட்டு," என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் கழற்றினான். அதை வாங்கிக் கழிவு இரும்பு போடும் தகரத்தில் போட்டார். டப்பாவிலிருந்து ஒரு புது கைடை எடுத்துக் கொடுத்தார். அவன் கோத்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு வேலையைத் தகராறு இல்லாமல் செய்து முடித்ததை அவள் அன்றுதான் பார்த்தாள்.

டிரைவர் சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினார்.

"இந்தாம்மா. இனிமே வீட்டை நீ பூட்டு."

சாயந்தரம் அவள் சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். கணவன் வந்து அடுப்பில் தண்ணீர் வைத்தான். தோளில் கம்பி பட்ட இடம் சட்டைக் காலருக்கு வெளியே தடித்துத் தெரிந்தது. அவன் முதுகைப் பார்த்தபடி இருந்தவள், அவன் பேசுவான் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஆறு பாயிண்ட்," என்றான் அவன். "நான் எடுக்கற அளவு. கரெக்டா கணக்குப் போட்டிருக்கே."

அவளால் பொறுக்க முடியவில்லை. "ஏன் தேய்க்கல?"

"எடுத்தேன். பேப்பரையும் எடுத்தேன். நீ நேத்து சொன்னது காதுலயே நின்னுச்சு. இந்த வீட்ல உனக்கு என்ன இருக்குன்னு கேட்டியே. ஒருத்தராவது இங்கேருந்து உருப்பட்டு வெளிய போகட்டும்னு தோணுச்சு. மேல இருந்த நீலத்தை மட்டும் துடைச்சு, எண்ணெய் போட்டு வெச்சுட்டேன்."

தண்ணீர் கொதித்தது. அவன் டீத்தூளைப் போட்டான், சர்க்கரை போட்டான், பாலை ஊற்றினான். எல்லாம் அளவாக.

"நீ ஏன் அளக்கல?" என்று கேட்டான்.

அவள் பை அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய பார்வை போன திசையில் அவளும் பார்த்தாள். பதில் இருந்தது, சொல்லக்கூடியதாக இல்லை. உன்னை அந்த நீல விரல் ரேகைக்கு மேல் மதிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது. அவன் கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். சட்டையைப் பிடித்து உலுக்கி, மூன்று தடவை என்னை முட்டாளாக்கினாயே என்று கத்தியிருப்பாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

டீயை வடிகட்டி அவள் முன்னால் வைத்தான். கப்பில் எந்தக் கறையும் இல்லை. அவள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தான். எத்தனையோ காலமாகத் தன் சட்டைப்பையைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த கனம் இடம் மாறியதில் அவன் தோள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. அவன் சிரித்தான். எப்போதும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு இல்லை, இது வேறு.

"விடு, பழகிடும்," என்றான். "கை பட்டுப் பட்டு, கொஞ்ச நாள்ல பளபளன்னு ஆயிடும்."

மறுநாள் காலை எல்லாரும் கிளம்பிய பிறகு வீட்டைப் பூட்டியவள் அவள்தான். கைடு கதவில் இடித்துச் சத்தம் போட்டது, அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப முடிந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது. கண்டக்டரிடம் மைக்ரோமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.